மண்ணுக்கடியில் மருந்து – 9: ஹிங்க்லியில் படம் முடிந்த பிறகு

சென்ற இதழில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஆம்ப்ளர் ஊரைப் பார்த்தோம். குழாய் கசிந்து பெட்ரோல் நிலத்தடி நீரில் கலந்தது. ரிச்சர்ட் ரேமண்ட் அம்மோனியம் சல்பேட்டும் பாஸ்பேட்டும் கரைத்த நீரைக் கிணறுகளில் இறக்கி, கூடவே காற்றையும் ஊதினார். மண்ணில் ஏற்கெனவே குடியிருந்த நுண்ணுயிரிகள் பெருகி, இறைத்து எடுக்க முடியாமல் எஞ்சிய பெட்ரோலைத் தின்னத் தொடங்கின. 1974ல் அந்த முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. நிலத்தடி நீரை வெளியே எடுக்காமல், மருந்தை உள்ளே அனுப்பிச் சுத்தம் செய்யலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வலுப்பட்டது.

பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். உயிரி அதை உடைத்தால் கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீரும் மிஞ்சும். மாசு என்று சொல்ல எதுவும் இருக்காது. உலோகத்தை அப்படித் தீர்க்க வழியில்லை. குரோமியம் ஒரு தனிமம். எந்த நுண்ணுயிரியாலும் அதைச் செரித்து இல்லாமல் ஆக்க முடியாது. ஆனாலும் உலகில் பல இடங்களில் குரோமியம் கலந்த நிலத்தடி நீருக்குள் மருந்து செலுத்துகிறார்கள். நீர் சுத்தமாகவும் செய்கிறது. அது எப்படி நடக்கிறது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இருக்கும் ஹிங்க்லிக்குப் போக வேண்டும்.

ஊரின் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். 2000ல் வெளிவந்த 'எரின் ப்ரோக்கோவிச்' படத்தின் கதை நடந்த இடம் இதுதான். ஜூலியா ராபர்ட்சுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம். வழக்கில் வென்று இழப்பீடு கைக்கு வருவதோடு படம் முடிந்துவிடுகிறது. நிலத்தடி நீரின் வரலாற்றை எழுத வருபவனுக்கு அதற்குப் பிறகு நடந்ததே முக்கியம்.

1952ல் பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம் ஹிங்க்லியில் ஓர் அழுத்து நிலையம் கட்டியது. தென்மேற்கு மாநிலங்களிலிருந்து வடக்குக் கலிபோர்னியாவுக்கு இயற்கை எரிவாயு போகும் நெடுங்குழாயில், நெடுந்தூரம் வந்து அழுத்தம் குறைந்த வாயுவை மறுபடி அழுத்தித் தள்ளும் நிலையம் அது. அழுத்தும்போது எந்திரங்கள் சூடேறும். அந்தச் சூட்டைத் தணிக்கக் குளிர்விப்புக் கோபுரங்கள் இருந்தன. கோபுரத்துக்குள் சுற்றிவரும் தண்ணீர் இரும்பை அரிக்காமல் இருக்க அதில் குரோமேட் உப்பைக் கலந்தார்கள். அது உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து துருவைத் தடுக்கும். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க இருந்த வழக்கம்தான்.

அந்த உப்பில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். இனி சுருக்கமாக குரோமியம்-6 என்றே சொல்வோம். கழிவாக வெளியேறிய தண்ணீரை நிலையத்தின் பக்கத்திலேயே வெட்டியிருந்த குட்டைகளில் விட்டார்கள். குட்டைகளின் அடியில் தார்ப்பாயோ சிமெண்டோ களிமண்ணோ எதுவும் போடவில்லை. கீழே மொஹாவி ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணலும் சரளையும். அந்த ஆறே பெரும்பாலான இடங்களில் மண்ணுக்கடியில்தான் ஓடுகிறது. மேலே வெறும் மணல் தெரியும். குட்டைத் தண்ணீர் இந்த மணலில் தங்குதடையின்றி இறங்கி, நிலத்தடி நீரோடு சேர்ந்து வடக்கு நோக்கி நகர்ந்தது. அந்தப் பக்கம்தான் பண்ணைகளும், மாட்டுக் கொட்டகைகளும், வீட்டுக் கிணறுகளும் இருந்தன. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. ஒவ்வொரு வீடும் தன் கிணற்றை நம்பியே இருந்தது.

இது 1960களின் நடுப்பகுதி வரை நடந்தது. கிணறுகளில் குரோமியம்-6 இருப்பதை 1987 டிசம்பரில்தான் நிறுவனம் அரசுக்குத் தெரிவித்தது. ஒரு கண்காணிப்புக் கிணற்றில் லிட்டருக்கு 580 மைக்ரோகிராம் இருந்தது. அப்போது கலிபோர்னியாவில் குடிநீருக்கான மொத்த குரோமிய வரம்பு 50. அதே மாதம் லஹோன்டன் மண்டல நீர்த்தர வாரியம் சுத்தப்படுத்தும்படி ஆணை பிறப்பித்தது. ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்த எரின் ப்ரோக்கோவிச், ஒரு வீட்டு விற்பனைக் கோப்புக்குள் மருத்துவ அறிக்கைகள் இருப்பதைக் கண்டு சந்தேகப்பட்டதும், 600க்கும் மேற்பட்ட ஊர்க்காரர்கள் வழக்குத் தொடுத்ததும், 1996ல் 33 கோடியே 30 லட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டதும் படத்திலேயே வருபவை. குடிநீரில் கலந்த குரோமியம்-6 மனிதருக்கு எவ்வளவு கேடு செய்யும் என்ற வாதம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நீண்டது. குடிநீரில் அதைக் கலந்து கொடுத்த எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் வாயிலும் சிறுகுடலிலும் கட்டிகள் வந்ததை அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2008ல் ஆவணமாக வெளியிட்டது.

இழப்பீடு ஊர்க்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மண்ணுக்கடியில் இருந்த நீர் இருந்தபடியே இருந்தது.

அதை என்ன செய்வது? 1980களில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும்: இறைத்து எடு, மேலே சுத்தம் செய். அந்தப் பதிலின் தகுதியை 1994ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் சோதித்துப் பார்த்தது. இந்த முறை நடந்துகொண்டிருந்த 77 இடங்களை ஆராய்ந்ததில், 69 இடங்களில் இலக்கு எட்டப்படவில்லை. மணலின் இடுக்கிலும் களிமண் அடுக்குக்குள்ளும் ஒளிந்திருக்கும் மாசு மெல்ல மெல்லக் கசிந்து வந்துகொண்டே இருக்கும். இறைக்க இறைக்க முதலில் வேகமாகக் குறையும். பிறகு குறைவதே தெரியாது. பம்பை நிறுத்தினால் மறுபடி ஏறும். இந்தத் தொடரின் தொடக்கத்திலிருந்தே நம்மைத் துரத்திவரும் சிக்கல் இது.

ஹிங்க்லியில் இறைத்த தண்ணீருக்கு ஒரு நல்ல வேலை கொடுத்தார்கள். 1991 முதல் அதைக் குதிரைமசால் வயல்களுக்குப் பாய்ச்சினார்கள். குரோமியம்-6 கலந்த நீர் வேர்மண்டலத்தில் இறங்கும்போது அங்கிருக்கும் மக்கிய பொருளும் நுண்ணுயிரிகளும் அதைக் குரோமியம்-3 ஆக மாற்றிவிடும். இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் வேறுபாட்டில்தான் இந்த அத்தியாயம் முழுக்க அடங்கியிருக்கிறது. குரோமியம்-6 தண்ணீரில் நன்றாகக் கரையும். செறிவு மிகுந்தால் நீரே மஞ்சளாகத் தெரியும். எதிர்மின் சுமை கொண்டதால் மண் துகள்களில் அவ்வளவாக ஒட்டாது. நீர் போகும் வேகத்திலேயே கிட்டத்தட்டப் போகும். புற்றுநோய்க் காரணி. குரோமியம்-3 இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. அமிலமும் காரமும் மிகாத சாதாரண நீரில் அது கரையாத ஹைட்ராக்சைடாகிப் படிந்துவிடும். மணலோடு மணலாகக் கிடக்கும். நச்சுத்தன்மையும் மிகக் குறைவு. தனிமம் ஒன்றுதான், மூன்று எலக்ட்ரான்கள் அதன் குணத்தை இப்படி மாற்றுகின்றன.

வயல் வேலை செய்தது. ஆனால் நீரைத் தெளிப்பான்கள் வழியே பீய்ச்சியதால், காற்றில் பறக்கும் துளிகளை மக்கள் சுவாசிக்க நேருமே என்ற அச்சம் எழுந்தது. குரோமியம்-6ஐ மூச்சில் இழுப்பது குடிப்பதைவிட ஆபத்து என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. 2001ல் தெளிப்பு நின்றது. 2004ல் மண்ணுக்குள் புதைத்த சொட்டுநீர்க் குழாய்களோடு குதிரைமசால் மறுபடி பயிராகியது. அந்த இடைவெளியில் இறைப்பும் நின்றுபோனதால், மாசு படர்ந்த நீர் தடுப்பின்றி வடக்கே நகர்ந்தது. நிலத்தடி நீருக்கு விடுமுறை கிடையாது என்பதை ஊர் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

இதற்குப் பிறகுதான் உட்செலுத்தும் முறை வருகிறது. வேர்மண்டலத்தில் நடக்கும் அதே வேலையை ஏன் நீர் இருக்கும் ஆழத்திலேயே செய்யக்கூடாது? அங்கும் நுண்ணுயிரிகள் உண்டு. உணவுதான் இல்லை. பாலைவன மணலின் ஆழத்தில் மக்கிய இலையோ வேரோ இருப்பதில்லை. நீரில் ஆக்சிஜன் நிறையக் கரைந்திருக்கும். அந்தச் சூழலில் குரோமியம்-6 எத்தனை ஆண்டானாலும் அப்படியே இருக்கும். ஆகவே உணவை இறக்க வேண்டும். ஹிங்க்லியில் தேர்ந்தெடுத்த உணவு எத்தனால். சாராயத்தில் இருக்கும் அதே ஆல்கஹால்.

மற்ற இடங்களில் வேறு உணவுகளும் பயன்பட்டிருக்கின்றன: சர்க்கரை ஆலையின் மொலாசஸ், பால் திரிந்த நீர், லாக்டேட், பாலாகக் கலக்கிய தாவர எண்ணெய். எண்ணெய் மணலில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தாங்கும், ஆனால் தூரம் போகாது. எத்தனால் நீரோடு முழுக்கக் கலந்து வெகுதூரம் பரவும். ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே தொடர்ந்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சோதனைகளுக்குப் பிறகு 2007 முதல் 2008க்குள் ஹிங்க்லியில் முழு அளவில் இது தொடங்கியது. மாசு நகரும் திசைக்குக் குறுக்கே கிணறுகளை வரிசையாக இறக்கினார்கள். சில கிணறுகள் நீரை எடுக்கும். அந்த நீரில் எத்தனாலைக் கலந்து மற்ற கிணறுகள் வழியே திரும்ப உள்ளே அனுப்புவார்கள். நீர் மண்ணுக்கடியிலேயே சுழன்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி உருவாகும். மாசு நீர் அந்த வேலியைக் கடந்தாக வேண்டும். இதைப் பொறியாளர்கள் வினை மண்டலம் என்கிறார்கள்.

வேலிக்குள் என்ன நடக்கிறது என்று சற்று நெருங்கிப் பார்ப்போம். எத்தனால் கிடைத்ததும் நுண்ணுயிரிகள் பெருகுகின்றன. உணவை எரிக்க அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். சில நாளில் நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அடுத்து நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும் வகைகள் தலையெடுக்கும். பந்தியில் பாயசம் தீர்ந்த பிறகு மோருக்குக் கை நீட்டுவதைப்போல, அதிக ஆற்றல் தருவது தீரத் தீர அதற்கடுத்ததை நாடுகின்றன. நைட்ரேட் தீர்ந்தால் மண் துகள்களில் படிந்திருக்கும் மாங்கனீசு ஆக்சைடு, பிறகு இரும்பு ஆக்சைடு, கடைசியில் சல்பேட். குரோமியம்-6 இந்த வரிசையின் முற்பகுதியிலேயே மாறத் தொடங்கிவிடுகிறது. சில பாக்டீரியாக்கள் நேரடியாகவே அதை மாற்றுகின்றன. பெரும்பகுதி வேலையைச் செய்வது, இரும்பு ஆக்சைடிலிருந்து விடுபட்ட இரண்டு இணைதிறன் இரும்பும், சல்பேட்டிலிருந்து பிறந்த சல்பைடும். குரோமியம்-6 அவற்றைத் தொட்டவுடன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு குரோமியம்-3 ஆகி, இரும்போடு சேர்ந்து படிந்துவிடும். இதில் ஒரு நன்மையும் உண்டு. எத்தனாலை நிறுத்தினாலும், மணலில் படிந்த இரும்பு சல்பைடு போன்றவை கொஞ்ச காலம் காவல் காக்கும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. களத்தில் வேலை செய்பவர்களைக் கேட்டால் முதலில் கிணறு அடைப்பதைப் பற்றித்தான் பேசுவார்கள். நுண்ணுயிரிகளுக்கு எத்தனால் முதலில் கிடைக்கும் இடம் கிணற்றின் வாய்தான். துளையிட்ட குழாயைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் வழவழவென்று பாசிபோல் படிந்து, துளைகளை மூடிவிடும். நீர் இறங்காது, அழுத்தம் ஏறும். அதனால் எத்தனாலைச் சீராக விடாமல் விட்டுவிட்டுச் செறிவாக அனுப்புவார்கள். கிணறுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். அடைத்த கிணற்றைத் தேய்த்துக் கழுவி மறுபடி திறப்பார்கள். உட்செலுத்தும் சிகிச்சையின் செலவில் கணிசமான பங்கு இந்தக் கழுவும் வேலைக்கே போகிறது.

இரண்டாவது விலை கனமானது. மாங்கனீசு ஆக்சைடையும் இரும்பு ஆக்சைடையும் கரைத்தால், அவற்றோடு ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் விடுபட்டு நீரில் கலக்கும். ஹிங்க்லியின் வினை மண்டலங்களுக்குள்ளும் அவற்றின் கீழ்ப்புறத்திலும் மாங்கனீசும் இரும்பும் ஆர்சனிக்கும் ஏறின. ஆக்சிஜன் உள்ள நீரை மறுபடி சந்தித்ததும் அவை திரும்பவும் படிந்துவிடும் என்பதுதான் கணக்கு. பெரும்பாலும் அப்படியே நடக்கும். ஆனால் குரோமியத்துக்குப் பயந்து இத்தனை ஆண்டுகள் வாழ்ந்த குடும்பத்திடம் போய், உங்கள் கிணற்றில் இப்போது மாங்கனீசு கூடியிருக்கிறது, கொஞ்ச தூரம் தள்ளிப் போனால் சரியாகிவிடும் என்று சொல்ல முடியுமா? இந்தப் பக்கவிளைவை முன்கூட்டியே மக்களிடம் எடுத்துச் சொல்லி, கண்காணிப்புக் கிணறுகளை நெருக்கமாகப் போட்ட பிறகுதான் எந்த ஊரிலும் முதல் லிட்டர் மருந்தை இறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எத்தனை மைக்ரோகிராமுக்கு வந்தால் சுத்தம் என்று சொல்வது என்பதிலும் சிக்கல் இருந்தது. மொஹாவி பாறைகளிலேயே குரோமியம் உண்டு. காரத்தன்மையும் ஆக்சிஜனும் உள்ள நீரில், மாங்கனீசு ஆக்சைடின் உதவியோடு அது தானாகவே கொஞ்சம் குரோமியம்-6 ஆக மாறும். யாரும் எதையும் கொட்டாத கிணற்றிலும் சிறிதளவு இருக்கும். 2007ல் நிறுவனம் செய்த ஆய்வு அந்த இயற்கை அளவின் உச்சம் லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம் என்றது. அந்த ஆய்வின் முறை கேள்விக்கு உள்ளானது. கடைசியில் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் ஜான் இஸ்பிக்கி தலைமையில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வு 2023ல் முழு அறிக்கையாக வெளிவந்தது. கலிபோர்னியா குரோமியம்-6க்கென்று தனியாக 10 மைக்ரோகிராம் வரம்பை 2014ல் கொண்டுவந்தது. பொருளாதாரச் சாத்தியத்தைச் சரியாகக் கணக்கிடவில்லை என்று 2017ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே 10 மைக்ரோகிராம் மறுபடி சட்டமாகி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டுத் தரநிர்ணயத்தில் குரோமியம்-6க்குத் தனி வரம்பு கிடையாது. மொத்த குரோமியத்துக்கு 50 மைக்ரோகிராம் என்பதே வரம்பு.

ஊருக்கு என்ன ஆயிற்று? உட்செலுத்தல் தொடங்கிய பிறகும் மாசுப் படர்வு வடக்கே விரிவது தெரியவந்தது. 2012ல் நிறுவனம் 36 லட்சம் டாலர் அபராதம் செலுத்தியது. வீடுகளுக்குப் புட்டித் தண்ணீர் கொடுத்தார்கள். விற்க விரும்பியவர்களின் வீடுகளை நிறுவனமே வாங்கி இடித்தது. 2013ல் ஹிங்க்லியின் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. வினை மண்டலத்தின் உள்ளே குரோமியம்-6 கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியது. அது உண்மையான வெற்றி. அந்த வெற்றியின் பயனை அனுபவிக்க இருந்த ஊர் அதற்குள் பாதிக்கு மேல் காலியாகிவிட்டது. 2015ல் வாரியம் பிறப்பித்த புதிய ஆணையின் கெடுக்கள் 2030கள் வரை நீள்கின்றன.

இதே குழாய்ப் பாதையில், கொலராடோ ஆற்றங்கரையில் டோப்பாக் என்ற இடத்திலும் இதே நிறுவனத்தின் அழுத்து நிலையம் உண்டு. 1951ல் கட்டியது; அதே குரோமேட், அதே கதை. அங்கே கூடுதலாக ஒரு விஷயம் இருந்தது. அந்த நிலம் மொஹாவி பழங்குடியினருக்குப் புனிதமானது. தரையில் சரளைக் கற்களை வரிவரியாகக் குவித்து உருவான டோப்பாக் மேஸ் என்னும் பெரும் கோலம் அங்கே இருக்கிறது. இறந்தவர்களின் ஆன்மா கடந்து போகும் வழி அது என்பது அவர்கள் நம்பிக்கை. தங்களை முறையாகக் கலந்து பேசாமல் 2004ல் சுத்திகரிப்பு நிலையத்தை அங்கே கட்டியதை எதிர்த்து 2005ல் வழக்குத் தொடுத்தார்கள். மறு ஆண்டு சமரசம் ஏற்பட்டது. பிறகு எத்தனால் செலுத்தும் திட்டத்துக்கு 2011ல் அனுமதி கிடைத்தும் கட்டுமானம் 2018ல்தான் தொடங்கியது. ஒவ்வொரு கிணறும் பூமியின் உடம்பில் போடும் துளை என்று அவர்கள் சொன்னதை நான் வெறும் நம்பிக்கையாகப் பார்க்கவில்லை. நூற்றுக்கணக்கில் கிணறு தோண்டுகிற தொழில்நுட்பம் எதுவும் நிலத்தைக் காயப்படுத்தாமல் போவதில்லை.

இனி வாஷிங்டன் மாநிலத்துக்குப் போவோம். கொலம்பியா ஆற்றங்கரையில் ஹான்ஃபோர்ட். நாகசாகியில் விழுந்த குண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த இடம். 1944 முதல் ஓடிய அணு உலைகளைக் குளிர்விக்க ஆற்று நீரை எடுத்தார்கள். குழாய் அரிக்காமல் இருக்க அதில் சோடியம் டைகுரோமேட் கலந்தார்கள். செறிவான கரைசல் கையாளப்பட்ட இடங்களில் சிந்தியும் கசிந்தும் மண்ணில் இறங்கியது. அந்த நீர் போய்ச் சேரும் ஆற்றுப் பகுதியில்தான் சினூக் சால்மன் மீன்கள் முட்டையிடுகின்றன.

இங்கே உயிரிகளை நம்பாமல் நேரடியாக வேதிப்பொருளை இறக்கினார்கள். சோடியம் டைதயோனைட். சாயப்பட்டறைகளில் 'ஹைட்ரோஸ்' என்று புழங்குவது இதுதான். தொட்டிச் சாயத்தைக் கரைக்கும் அதே பொருள். ஜான் ஃப்ரூக்டர் தலைமையிலான பசிபிக் வடமேற்கு ஆய்வகக் குழு 1995ல் முதல் சோதனையையும், 1997ல் டி உலைப் பகுதியில் அடுத்த சோதனையையும் நடத்தியது. டைதயோனைட் நேரடியாகக் குரோமியத்தைத் தேடிப் போவதில்லை. மணலில் உள்ள இரும்பைத் தயார்ப்படுத்திவிட்டு அது போய்விடும். தயாரான இரும்பு, கடந்து செல்லும் குரோமியத்தைப் பிடித்து நிறுத்தும். 2003க்குள் அறுபதுக்கும் மேற்பட்ட கிணறுகள் வழியே சுமார் 680 மீட்டர் நீளத்துக்கு மண்ணுக்கடியில் ஒரு தடுப்பு உருவானது. இருபது ஆண்டுகள் தாங்கும் என்று எதிர்பார்த்தார்கள்.

தாங்கவில்லை. சில ஆண்டுகளிலேயே சில கிணறுகளில் குரோமியம் தடுப்பைத் தாண்டி வந்தது. பூமியின் அடுக்குகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. இரும்பு குறைவாகவும் நீர் வேகமாகவும் போகும் சரளைப் பாதைகளில் ஆக்சிஜனும் நைட்ரேட்டும் வந்து இரும்பைப் பழைய நிலைக்கே மாற்றிவிட்டன. பெரிய அளவில் இறைத்துச் சுத்தம் செய்யும் ஆலைகளைக் கட்டினார்கள். கூடவே இன்னொரு வேலையும் செய்தார்கள். பலன் தெளிவாகத் தெரிந்தது அதில்தான். மாசு தொடங்கிய இடத்தையே தேடி, நிலத்தடி நீர் வரும் ஆழம் வரை, சுமார் 25 மீட்டர் வரை, மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். மஞ்சளும் பச்சையுமாகக் கறை படிந்த மண் அகற்றப்பட்டது. ஊற்றுக்கண் போன பிறகு கீழே நீரில் குரோமியம் வேகமாகக் குறையத் தொடங்கியது.

குரோமியத்தைப் பொறுத்தவரை நம் ஊரும் இந்த வரலாற்றில் ஓர் அத்தியாயம். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் குரோமைட் தாதுவிலிருந்து சோடியம் டைகுரோமேட்டும், தோல் பதனிடுவதற்கான குரோமியம் சல்பேட்டும் தயாரித்தது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் தொழில், குரோமுக்கு மாறிய காலத்தின் தேவை அது. 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு திறந்த வெளியில் மலைபோல் கிடந்தது. தாதுவிலிருந்து முழுக்கப் பிரித்தெடுக்க முடியாமல் நின்ற குரோமியம்-6 அதற்குள் இருக்கிறது. மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீர் வடிகிறது. நிலத்தடி நீரில் இறங்குகிறது. பாலாறு அருகில்தான். 2006ல் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தது. ஆலை மூடிக் கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் குவியல் அங்கேயே இருந்தது.

நம்மிடம் அறிவு இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடியில் லிஜி பிலிப்பும் அவருடைய மாணவர்களும் இந்த ஆலை வளாகத்தின் மண்ணிலிருந்தே குரோமியம்-6ஐ மாற்றும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றைப் பெருக்கி, மண்ணுக்கும் நீருக்கும் உயிரித் தடுப்பு, வினை மண்டலம் ஆகிய இரு முறைகளையும் ஆய்வுக்கூட அளவிலும் முன்னோட்ட அளவிலும் சோதித்து, முடிவுகளை ஆய்விதழ்களில் வெளியிட்டார்கள். ஹிங்க்லியில் எத்தனால் செய்வதை இங்கே உள்ளூர் உயிரிகளைக் கொண்டே செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

ஆனால் வரிசை முக்கியம். குவியல் தலைக்கு மேல் இருக்கும்வரை கீழே மருந்து இறக்குவது வீண்செலவு. ஒவ்வொரு மழையும் புதிய குரோமியத்தைக் கொண்டுவரும். செலுத்திய உணவு தீர்ந்துகொண்டே இருக்கும். மாங்கனீசும் ஆர்சனிக்கும் மட்டும் மிச்சமாகும். கழிவை அகற்றி, அடியில் உறை போட்ட பாதுகாப்பான நிலக்கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். அதன் பிறகு கறை படிந்த மண். அதன் பிறகே உட்செலுத்தல். அது தொடங்கிய நாளிலிருந்து சுற்றுவட்டாரக் கிணறுகளின் அளவீடுகளைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். குரோமியத்தை மட்டுமல்ல, மாங்கனீசையும் ஆர்சனிக்கையும் சேர்த்து. மருந்து செலுத்தப்பட்ட நிலத்தில் குரோமியம் போய்விடுவதில்லை, உருமாறிக் கிடக்கிறது. ஆகவே அந்த இடத்தில் பின்னாளில் யார் எதைக் கட்டினாலும், எந்த அமிலத்தையோ ஆக்சிஜனேற்றியையோ கொட்டினாலும் என்ன ஆகும் என்பது நிலப்பதிவேட்டிலேயே குறிக்கப்பட வேண்டும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வாலாஜா பக்கத்தில் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வாசகர்கள், நீர்ப் பரிசோதனை அறிக்கை வாங்கும்போது மொத்த குரோமியத்தோடு குரோமியம்-6ஐயும் தனியாக அளந்து தரும்படி கேளுங்கள்.

அடுத்த இதழில் டெலவேர் மாநிலத்தின் டோவர் விமானப்படைத் தளம். எந்திரங்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கப் பயன்பட்ட ட்ரைகுளோரோஎத்திலீன் நிலத்தடி நீரில் இறங்கிய இடம். வேறொரு மாநிலத்திலிருந்து வளர்த்துக் கொண்டுவந்த பாக்டீரியாக்களை மண்ணுக்குள் குடியேற்றிய சோதனையைப் பார்ப்போம்.

(தொடரும்)